நெற்றியில் இருந்த பொரிகள் அடங்கிய விதம்

எதிரே நின்று பார்த்தால் என் நெற்றியில் ஒன்றும் தெரியாது. ஜன்னலோரம் நின்றால்தான், தோல் நிறத்திலேயே பொரிப் பொரியாக இருப்பது தெரியும். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. மூக்கில் கரும்புள்ளி, தாடையில் அவ்வப்போது ஒரு பரு. "உடம்புச் சூடு, மோர் குடி" என்பார் அத்தை.

தோல் டாக்டர் இரண்டு விரலால் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்துக் கண்ணாடியைக் காட்டினார். ஒவ்வொரு பொரிக்குள்ளும் வெள்ளையாக ஒரு புள்ளி. "இதுவும் பருதாம்மா, இன்னும் பழுக்கல, அவ்வளவுதான்" என்றார்.

மயிர்க்காலின் உட்சுவரில் இருந்து உதிரும் செல்கள் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் துளை அடைபடும். வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு அழுக்கே இல்லை. மெலனின் என்ற தோல் நிறமியும் காற்றுபட்ட எண்ணெய்ப் பசையும்தான். முகத்தைச் சரியாகக் கழுவாததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் மேல்தோல் புண்ணாகுமே தவிர, உள்ளிருக்கும் அடைப்பு அசையாது.

டாக்டர் எழுதித் தந்தது இரண்டு: இரவுக்கு, துளை அடைபடாமல் தடுக்கும் 0.1% அடாபலீன் ஜெல்; காலையில் பரு வரும் தாடைப் பகுதிக்கு மட்டும், பருக் கிருமியைக் கொல்லும் 2.5% பென்சாயில் பெராக்சைடு. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொண்டேன்.

அடாபலீனைப் போடும் விதம்தான் முக்கியம். முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு போதும். கழுவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகு நெற்றி, இரு கன்னம், தாடை என்று பொட்டுப் பொட்டாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிட வேண்டும். இருக்கும் பருவின் மேல் மட்டும் வைத்தால் பாதிப் பயன்தான், ஏனென்றால் அடுத்து வரப்போகும் அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்திலேயே இருக்கும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மேலே மாய்ஸ்சரைசர். அப்படியும் கன்னத்தில் தோல் உரிந்தது, சோப்பு பட்டால் எரிந்தது. புதிதாகப் பருக்களும் கிளம்பின.

பலரும் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் விடவில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதையும் குளிப்பதற்குக் கொஞ்சம் முன்பு என்று மாற்றச் சொன்னார்; எண்ணெய் நெற்றியில் வழிந்து அங்கேயே நிற்பதும் துளைகளை அடைக்குமாம்.

தெரிந்தவர் ஒருவர், மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்த க்ரீமைப் பரிந்துரைத்தார். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: உறையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் பருவுக்குப் போடாதீர்கள். அவை ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலியும், பருவும் பெருகும்.

மெல்ல மெல்ல நெற்றி சமமானது. பரு ஆறிய இடங்களில் தங்கிய கருந்தழும்பு மங்கத்தான் இன்னும் நாளாகிறது. அதற்காகப் பகலில் சன்ஸ்க்ரீனை விடுவதில்லை. ஜெல்லும் தொடர்கிறது. குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கர்ப்பத்தில் இது கூடாது என்று டாக்டர் சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார்.