கோட்டுக்கு ஒரு சாண் முன்னே

குமரி மாவட்டத்தில் ரோலர் ஸ்கேட்டிங்கைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்களுக்கு முதல் எதிரி மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, போதாததற்குக் கோடை மழை வேறு. நனைந்த தாரில் சக்கரம் பிடிக்காது; வளைவில் காலைத் தள்ளினால் ஆளோடு இழுத்துக்கொண்டு போகும். அடம்பிடித்து ஓடினால் பேரிங்கில் தண்ணீர் இறங்கிவிடும்.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங், காலுக்கு நான்கு சக்கரம். ஜோடிக்கு 16. அப்பாவுக்கு வடசேரியில் டூ வீலர் ஒர்க் ஷாப். இரவு கடையை அடைத்துவிட்டு வந்து, மொட்டைமாடியில் பழைய பேப்பர் விரித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஒவ்வொன்றாக அலசுவார். துடைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் சுற்றிவிடுவார். "கரகரன்னு கேக்குல்லா மக்களே? இது போச்சு, மாத்திரு." அவர் ஒருநாளும் ஸ்கேட் மாட்டியதில்லை. ஆனால் என் கால் எந்த வளைவில் இழுபடும் என்பதைப் பேரிங் தேய்ந்திருப்பதை வைத்தே சொல்லிவிடுவார்.

இரண்டாவது எதிரி காற்று. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருமே, அந்தக் காற்று. ஞாயிறு விடியற்காலையில் முப்பந்தல் காற்றாலைகள் பக்கமிருந்து தோவாளை நோக்கி ஓடுவேன். அப்பா பைக்கில் பின்னால் வருவார். நிமிர்ந்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, ஒரு கையை இடுப்பில் கட்டிக்கொண்டால்தான் நகரவே முடியும். தாழ்ந்து ஓட எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கோச்சும் இல்லை, அந்தக் காற்றுதான்.

அப்படிப்பட்ட நான் ஒரு மாநிலப் போட்டியில் நிமிர்ந்தேன். 1000 மீட்டர், 200 மீட்டர் டிராக்கில் ஐந்து சுற்று. கடைசி வளைவிலிருந்து முதல் ஆளாக வெளியே வந்தேன். கோட்டுக்கு ஒரு சாண் முன்னே ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற, உடம்பு தானாக எழுந்தது. பக்கத்தில் வந்த பெண் காலை நீட்டினாள். எங்கள் விளையாட்டில் தலையோ நெஞ்சோ கணக்கில் வராது. முதலில் கோட்டைத் தொடும் ஸ்கேட்தான் கணக்கு. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வள்ளியூர் தாண்டி ஒரு டீ மட்டும் வாங்கித் தந்தார்.

இதைப் பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை. 2023 அக்டோபர் 2-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் ரிலே. முன்னால் வந்த தென்கொரிய வீரர் கோட்டுக்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். தைவான் வீரர் காலை நீட்டினார். தைவான் 4:05.692, கொரியா 4:05.702. நூறில் ஒரு விநாடியில் தங்கம் கைமாறியது. அதே ஓட்டத்தில் நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் இருந்த இந்திய அணிக்கு வெண்கலம். பெண்கள் ரிலேயிலும் வெண்கலம். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான், பட்டேன். ஆனால் அந்தக் கொரியரின் முகத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். பாவம், உலகமே பார்க்கிற இடத்தில். எனக்காவது பார்த்தது அப்பா மட்டும்.

இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று மாதச் சம்பளத்தை இழுத்தடித்த பள்ளியும் உண்டு, அதை விடுங்கள். 2025-இல் ஆனந்த்குமார் 1000 மீட்டரில் உலக சாம்பியன் ஆனதும் புதிதாக நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி நல்ல வேகம், ஆனால் கோட்டைக் கண்டதும் எழுந்துவிடுவாள். அதனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி என் செருப்பை வைத்தேன்.

"செருப்பைத் தாண்டினப்புறம்தான் நிமிரணும், சரியா?"

"மழை வந்தா செருப்பு நனையுமே மிஸ்?"

சொல்லி வாய் மூடவில்லை, வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரையும் உட்காரவைத்து ஸ்கேட்டைக் கழற்றச் சொன்னேன்.