மூச்சுக்குழாய்ச் செல்களைக் காற்றில் வளர்த்த கதை

நலமான நுரையீரலிலும் ஆஸ்துமா கண்ட நுரையீரலிலும் மூச்சுக்குழாய்ச் செல்கள் தமக்குள் எப்படி உறவாடுகின்றன என்பதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே ஆராய்ச்சி மாணவனாக எனக்குக் கிடைத்த முதல் வேலை. இச்செல்களைத் திரவத்தில் மூழ்கடித்தே வைத்திருந்தால் அவை தட்டையாகப் பரவிக் கிடக்குமே தவிர, மூச்சுக்குழாய்க்கே உரிய சிலியா எனும் நுண்ணிழைகளைப் பெரும்பாலும் வளர்ப்பதில்லை. ஆகவே 0.4 மைக்ரான் துளைகள் உள்ள சவ்வின் மேல், மற்ற வகைச் செல்களாக மாறவல்ல அடிச்செல்களை விதைத்து, அவை இடைவெளியின்றி நிரம்பியதும் மேற்புறத் திரவத்தை உறிஞ்சி எடுத்துக் காற்றுப் படவிட்டு, கீழிருந்து மட்டும் ஊட்டம் கொடுக்க வேண்டும். பிறகு மூன்று நான்கு வாரங்கள் காத்திருப்புதான்.

முதல் முறை 21 நாட்கள் கழிந்தும் ஓர் இழைகூட அசையவில்லை. செதில் செதிலாகத் தோல்போன்ற ஒரு பரப்பே தெரிந்தது. செல்கள் பழையவை என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, உடன் பணியாற்றிய அக்கா ஒருவர், "ரெட்டினாயிக் அமிலத்தை எங்கே வைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மேசை விளக்கின் கீழேதான் வைத்திருந்தேன். ஊட்டத் திரவத்தில் சேர்க்கும், ஒளி பட்டால் சிதையும் அந்தப் பொருள் இல்லாவிட்டால் செல்கள் சிலியாவை விட்டுவிட்டுச் செதிலாக மாறிவிடும் என்பதைப் படித்திருந்தும், குப்பியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்ற எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை, 18ஆம் நாள் காலை, நுண்ணோக்கியில் பரப்பின் ஒரு மூலை மினுமினுத்தது. நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடிக்கும் சிலியாவைத் தனித்தனியாகக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்த மினுக்கமே அடையாளம். சில நாட்களில், இறந்த செல்லின் துணுக்கு ஒன்று, சிலியா தள்ளிய கோழையில் மிதந்தபடி கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தத் துணுக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எந்தச் செல் சிலியா வளர்க்கும், எது கோழை சுரக்கும் என்பதில் அண்டைச் செல்லுக்கும் பங்கு உண்டு. பக்கத்துச் செல்லின் மேற்பரப்புப் புரதம் தொட்டு நாட்ச் எனும் ஏற்பியைத் தூண்டினால், தூண்டப்பட்ட செல் சுரக்கும் வகையாகிறது. தூண்டப்படாதது சிலியா வகையாகிறது. நாட்ச் பாதையை மருந்தால் தடுத்த கிண்ணங்களில் சிலியாச் செல்கள் பெருகி, கோழைச் செல்கள் மிகவும் அருகிவிட்டன.

ஆஸ்துமாவில் இந்தப் பேச்சுவார்த்தைக்குள் நோய் எதிர்ப்புச் செல்களும் நுழைகின்றன. காயப்பட்ட மேற்பரப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-33 போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றைக் கேட்டு விழித்த எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-13 எனும் சைகைப் புரதத்தைத் தருகின்றன. அது திரும்பி வந்து அதே மேற்பரப்பைக் கோழைச் செல்களால் நிரப்புகிறது. என் கிண்ணத்தில் எதிர்ப்புச் செல்கள் இல்லாததால், நலமான ஒருவரின் செல்களுக்கு இன்டர்லூக்கின்-13ஐ நானே கீழ்ப்புறத் திரவத்தில் கலந்தேன். இரண்டு வாரத்தில், சாயமிட்ட வெட்டுகளில் கருஞ்சிவப்பாய்ப் பருத்த கோழைச் செல்கள் நெருங்கி நின்றன. ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு காட்சி: அந்தக் கிண்ணத்தில் ஒரு துணுக்கு பசைபோன்ற கோழையில் சிக்கி அசையாமல் நின்றது, அதனடியில் எஞ்சிய சிலியாவோ அடித்துக்கொண்டேதான் இருந்தது.

ஆஸ்துமா உள்ளவர்களின் செல்களையும் இதேபோல் வளர்த்தேன்; அவற்றில் மருந்தோ புரதமோ எதுவும் சேர்க்கவில்லை. உடலைவிட்டு எடுத்து, பல வாரங்கள் தனியே வளர்த்த பின்னும், நலமானவை ஒன்றோடொன்று நெருங்கி அமைதியடைந்த நாட்களில் ஆஸ்துமாச் செல்கள் இன்னும் இடம் மாறிக்கொண்டிருந்தன. 2015இல் வெளியான ஓர் ஆய்விலும் இதே தாமதம் பதிவாகியிருந்ததால் என் கை பிழை இல்லை என்று தெளிந்தேன். இந்தத் தாமதம் அண்டைச் செல் தூண்டுவதாலா, செல்லுக்குள்ளேயே பதிந்துவிட்ட மாற்றத்தாலா என்று பிரித்தறிய, இரு வகைச் செல்களையும் ஒரே சவ்வில் கலந்து விதைத்திருக்கிறேன். இன்று 9ஆம் நாள்.