தூங்குமூஞ்சி மரமும் ஒரு முடிச்சும்

சிங்கப்பூரில் மரம் ஏறுவதுதான் என் தொழில் என்று ஊரில் சொன்னால், பனையேறிகளைப் போலவா என்றே முதலில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பனையேறி கால்களைத் தளைநாரால் பிணைத்துக்கொண்டு, உள்ளங்கால்களை மரத்தோடு நெருக்கி, அந்தப் பிடியில் எழும் உராய்வின் பலத்தில் உடலை மேலே தூக்குகிறார். பனையில் கயிற்றைப் போட்டுத் தொங்குவதற்குக் கவை கிடையாது. நான் ஏறும் தூங்குமூஞ்சி மரத்துக்கோ, இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரமும், சாலையின் மறுபக்கம் வரை நீளும் கிளைகளும் இருக்கின்றன. அங்கே கால்பிடி உதவாது. பனையேறி பாதத்துக்கும் மரத்துக்கும் இடையில் வைத்திருக்கும் உராய்வை நாங்கள் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையில் வைத்துக்கொள்கிறோம். இந்தத் தொழிலின் கருவிகள் அனைத்தையும் இந்த ஒரு கணக்கை வைத்தே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

தூங்குமூஞ்சி இந்த ஊர் மரம் அன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்தது. மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதைப் ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி, என்று அழைத்தார்கள். சாலையோர மரங்களைக் கவாத்து செய்ய இங்கே பெரும்பாலும் தூக்குமேடை வண்டிகளே வருகின்றன. வண்டி எட்டாத உயரத்துக்கும், வண்டி நுழைய முடியாத புல்வெளிக்கும் சரிவுக்கும்தான் ஏறுபவர் தேவைப்படுகிறார்.

ஏறுவதற்கு முன் கயிறு மேலே போக வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள வழுவழுப்பான எறிநூலின் முனையில், 300 அல்லது 400 கிராம் எடையுள்ள சிறு பையைக் கட்டி, தேர்ந்தெடுத்த கவைக்கு மேலாக எறிகிறோம். உயரம் அதிகமானால், ஆள் உயரத்தையும் தாண்டிய கம்பில் பொருத்திய கவணால் எய்கிறோம். நூல் விழுந்த கவை நாம் நினைத்த கவைதானா, அதற்கும் நமக்கும் இடையில் காய்ந்த கொப்பு எதுவும் சிக்கியிருக்கிறதா என்பதை மரத்தைச் சுற்றி நடந்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டும். பெரணிகள் கூடைகளைப் போல வளர்ந்து மழைநீரைத் தேக்கி வைத்திருக்கும் கிளையை நான் எப்போதும் விட்டுவிடுவேன், ஏனெனில் அதன் கீழே பட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பது தரையிலிருந்து தெரியாது. கயிறு ஏறியபின் இரண்டு பேர் சேர்ந்து அதில் தொங்கிப் பார்க்கிறோம். ஒருவரைத் தாங்கப்போகும் கவை, தரையில் வைத்தே இருவரைத் தாங்கிக் காட்ட வேண்டும்.

வழக்கமான முறையில், கயிற்றின் ஒரு முனை ஹார்னஸில், அதாவது ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் அணியும் வார்க்கட்டில், கட்டப்பட்டு, மேலே சென்று கவையைத் தாண்டி, மறுபுறமாகக் கீழிறங்குகிறது. இறங்கி வரும் அந்தக் கயிற்றின்மேல் உராய்வு முடிச்சு ஒன்றை, அதாவது எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்து, கையால் தளர்த்தினால் நகரும் முடிச்சை, போட்டு, அதையும் ஹார்னஸோடு இணைக்கிறோம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கினால், மேலே உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், இரு பக்கங்களும் தலா 40 கிலோவைத் தாங்குகின்றன. ஆகவே முடிச்சின் மேல் பாதி எடையே விழுகிறது. ஆனால் கயிறு நேரடியாகப் பட்டையின் மேல் ஓடும்போது, இறங்கும் வேளையில் பட்டையும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால், முடிச்சின் சுமை பாதியைவிடவும் குறைகிறது. ஏறுபவருக்கு இது சௌகரியம்போலத் தோன்றும். மரத்துக்கு அப்படியில்லை. ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தில் கயிறு அறுத்துக்கொண்டிருந்தால், பட்டைக்குள் இருக்கும் உயிருள்ள படலம் தேய்ந்து போகிறது. கயிற்றின் உறையும் தேய்கிறது. மேலே ஏறும்போது அதே உராய்வு நம் தோள்களுக்கு எதிராகவும் நிற்கிறது.

அதனால்தான் இரண்டு உலோக வளையங்கள் தைத்த வார் ஒன்றைக் கவையில் மாட்டி, கயிற்றை அந்த வளையங்கள் வழியாக ஓடவிடுகிறோம். இதைப் புதிதாகப் பயன்படுத்துபவர்கள் பலர் முதல் இறக்கத்தில் திகைத்துப் போகிறார்கள். பட்டை சுமந்துகொண்டிருந்த பங்கு இப்போது முடிச்சுக்கு வந்துவிட்டது என்பதையும், நேற்று வரை நன்றாகப் பிடித்த முடிச்சுக்கு இன்று இன்னொரு சுற்று தேவைப்படலாம் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருப்பதில்லை. மேலே எதை மாற்றினாலும், தரையை விட்டு ஓரடி மட்டும் எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டே ஏற வேண்டும்.

உராய்வு முடிச்சுகளுக்கு நல்ல வரலாறு உண்டு. ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மரமேறிகள் அதிகம் போடும் பிளேக் முடிச்சை, ஜேசன் பிளேக் என்பவர் 1994-இல் ஓர் அமெரிக்கத் தொழில் இதழுக்கு எழுதிய கடிதம் வழியே எங்கள் தொழிலுக்குள் கொண்டுவந்தார். அதே முடிச்சை ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் 1981-லேயே தனியாகக் கண்டு எழுதியிருந்தார். இதைப் போடும் விதம் இதுதான்: கயிற்றின் நுனியைத் தாய்க்கயிற்றை, அதாவது கவையிலிருந்து இறங்கி வரும் கயிற்றை, சுற்றிக் கீழிருந்து மேலாக நான்கு சுற்று சுற்றி, பிறகு நுனியைக் கீழே கொண்டுவந்து, தாய்க்கயிற்றுக்குப் பின்னால் செலுத்தி, கீழே உள்ள இரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். மேலிரண்டு சுற்றுகளுக்கும் கீழிரண்டு சுற்றுகளுக்கும் நடுவே நுனி வெளிவந்திருந்தால் முடிச்சு சரி. நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்றைக் கட்டாயம் போட வேண்டும். என்னிடம் பழக வருபவர்கள் இந்த முடிச்சை இடுப்பு உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த பிறகே மேலே போகிறார்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். படித்துவிட்டு மட்டும் யாரும் ஏறிவிட வேண்டாம்.

பிளேக் முடிச்சின் பலவீனம் சூடு. வேகமாக இறங்கினால், எல்லாச் சூடும் அந்தச் சிறிய நான்கு சுற்றுகளில் தங்கிவிடுகிறது. பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸில் உருகும். உருகத் தொடங்கிய இடம் கண்ணாடிபோல மினுமினுத்து, விரலுக்கு விறைப்பாகத் தட்டுப்படும். அத்தகைய துண்டை நான் உடனே வெட்டி எறிந்துவிடுவேன். ஆகவே நாள் முழுவதும் வேலை செய்யும்போது, இரு முனைகளிலும் கண்ணி தைத்த 8 அல்லது 10 மில்லிமீட்டர் தனிக்கயிற்றையே பலரும் பயன்படுத்துகிறோம். அதன் உறை ஆரமிட் இழையால் ஆனது. உருகாமல், மிக உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே கருகும். அதைக் கொண்டு பின்னல் போன்ற முடிச்சைப் போட்டு, கீழே ஒரு சிறு கப்பியை வைத்தால், ஏறும்போது ஒரு கை இழுப்பிலேயே முடிச்சு தானாக மேலே நகர்ந்து தளர்வை எடுத்துக்கொள்கிறது.

ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறையும் உண்டு. கயிறு நகராமல் நிற்கும். ஆள் மட்டும் அதன்மேல் ஏறுவார். உயரமான மரத்தில் வேகமாகப் போய்ச் சேர இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், 80 கிலோ ஆளுக்குக் கவையின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 160 கிலோ ஆகிறது, ஏனெனில் ஆளின் எடையும் அதைச் சமன் செய்யும் அடிக்கட்டின் இழுப்பும் இரண்டும் சேர்ந்து அங்கேதான் விழுகின்றன. கவையிலேயே சுருக்கிட்டுக் கட்டினால் 80 கிலோ மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாமல் மெல்லிய கவையைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. மேலும், முழு எடையும் ஒரே இழையில் விழுவதால், வெறும் உராய்வு முடிச்சு இறுகிப் போய் இறங்கவே மறுக்கும். அதற்கு மேலே உராய்வைப் பகிர்ந்துகொள்ளும் சிறு கருவி ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

தூங்குமூஞ்சியில் உண்மையான வேலை ஏற்றத்தில் இல்லை, கிளையில் நடப்பதில்தான் இருக்கிறது. நடுவில் உயரமாகக் கயிற்றை மாட்டிக்கொண்டு, கிடைமட்டமான கிளையில் நுனியை நோக்கிப் பின்புறமாக நடக்கிறோம். உடல் எடை கயிற்றில் சாய்ந்திருக்கும். கால்கள் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொழிலில் என் இரண்டாவது ஆண்டில், இப்படி நடந்துகொண்டிருந்தபோது முசுறுக் கூட்டில் கை வைத்துவிட்டேன். எறும்புகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இரண்டடி உள்ளே திரும்பி வந்தேன். தளர்ந்த கயிற்றை முடிச்சில் இழுத்துக்கொள்ள மறந்தேன். ஈரப்பட்டையில் கால் வழுக்கியது. விழுந்த தூரம் ஒரு கை நீளம்கூட இருக்காது, ஆனால் ஹார்னஸ் இடுப்பில் அடித்த அடியும், ஊசல்போல ஆடிப் போய் அடிமரத்தில் விலா மோதிய வலியும் மூன்று வாரம் இருந்தன. பாறையேறிகளின் கயிறு விழுவதைத் தாங்குவதற்காக நன்கு நீளும்படி செய்யப்படுகிறது. எங்கள் கயிறு அப்படியில்லை. ஐரோப்பியத் தரப்படி 50 கிலோவிலிருந்து 150 கிலோவுக்கு எடை கூடும்போது அது 5 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது. உட்கார்ந்து வேலை செய்வதற்கு அந்த விறைப்பு தேவை. விழுவதற்கு அது உதவாது. அன்றிலிருந்து, கிளையில் உள்நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை முடிச்சை இழுத்துவிட்டே அடுத்த அடி வைக்கிறேன்.

செயின் சாவை இயக்குமுன் இரண்டாவது பிணைப்பு வேண்டும். எஃகு வடம் உள்ளே வைத்த லேன்யார்டை, அதாவது ஹார்னஸோடு இணைக்கும் குட்டைப் பிணைகயிற்றை, அடிமரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிறோம். எஃகாக இருந்தாலும் ஓடும் சங்கிலி அதையும் சிதைத்துவிடும் என்பதால், வெட்டும் கோடு கயிற்றிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் காவல். தரையில் நிற்பவர்களில் ஒருவராவது, ஹார்னஸ் அணிந்தபடி, ஏறி வந்து என்னை இறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் வராத நாளில் நான் ஏறுவதில்லை. இடி கேட்டாலும் ஏறுவதில்லை.

வேலை முடிந்து தரையில் இறங்கியபின், மேலே மாட்டிய வளைய வாரை எடுப்பது மட்டும் மிச்சம். அதன் ஒரு வளையம் பெரியது, மற்றது சிறியது. பெரிய வளையத்தின் பக்கமாகத் தொங்கும் கயிற்று முனையில் ஒரு சிறு உருண்டையைக் கட்டி, மறுமுனையை இழுக்க வேண்டும். உருண்டை மேலே போய்ப் பெரிய வளையத்துக்குள் நுழைந்து வெளிவரும், சிறிய வளையத்தில் சிக்கி நிற்கும், வாரையும் இழுத்துக்கொண்டு கவையைத் தாண்டிக் கீழே வரும். உலோகம் விழுவதால் கீழே யாரும் நிற்கக்கூடாது. வளையங்கள் புல்லில் வந்து விழுந்ததும், தூரநோக்கியை எடுத்துக் கவையை ஒரு முறை பார்ப்பேன். பெரும்பாலான நாட்களில் அங்கே கயிறு இருந்த தடமே தெரிவதில்லை.