டெல்லி வானில் எத்தியோப்பியச் சாம்பல்

24 நவம்பர் 2025, திங்கள் இரவு

அத்தான் இன்று ஜெட்டா போயிருக்க வேண்டும். மும்பை விமான நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டார், விமானம் ரத்து. "எங்கேயோ ஆப்பிரிக்காவில வெடிச்சதுக்கு இங்க எதுக்கு ஃபிளைட்டை நிறுத்தணும்?" என்று அக்கா போனில் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹேலி குப்பி என்ற எரிமலை நேற்று காலை வெடித்தது. பதிவான வரலாற்றில் அதன் முதல் வெடிப்பு இது. ஜூலையில் பக்கத்து எரிமலையான எர்டா அலே வெடித்தபோதே, மாக்மா என்ற உருகிய பாறைக் குழம்பு நிலத்தடியில் ஹேலி குப்பி பக்கம் நகர்ந்ததைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியிருந்தது. நேற்று எழுந்த சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் போனது. அந்த உயரத்தில் இந்தப் பருவத்தில் அரேபியாவிலிருந்து வட இந்தியா நோக்கி மேலைக்காற்று வேகமாக வீசும். செங்கடல், ஏமன், ஓமன், அரபிக்கடல், குஜராத், ராஜஸ்தான் என்று தாண்டி, இதோ டெல்லிக்கு வந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 4000 கிலோமீட்டரை ஒன்றரை நாளில் கடந்திருக்கிறது.

25 நவம்பர், செவ்வாய்

காலையில் லிஃப்டில் எல்லாருக்கும் இதே பேச்சு. எதிர்வீட்டு அம்மா பேரனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. வெளியே பார்த்தால் வழக்கமான நவம்பர் புகைமூட்டம். அதை எரிமலையின் கணக்கில் எழுதுவது தப்பு. நம் வாகனமும் குப்பையும் கட்டட வேலையும் வயல் தீயும் சேர்ந்து உண்டாக்கியது இது. சாம்பல் பல கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, தரையில் காற்றின் தரத்தை அது பெரிதாகப் பாதிக்காது என்று வானிலைத் துறை சொல்கிறது. இன்று மாலைக்குள் அது சீனா பக்கம் நகர்ந்துவிடுமாம்.

சரி, இந்த மேகம் எப்படி உண்டாகிறது? ஆழத்தில் மாக்மாவுக்குள் நீராவி, கார்பன் டைஆக்சைடு, கந்தக வாயுக்கள் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. மாக்மா மேலே ஏற ஏற அழுத்தம் குறையும்; கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து ஊதிப் பெருகும். ஒரு கட்டத்தில் குமிழிகள் மாக்மாவையே கிழித்துச் சுக்கல் சுக்கலாக்கி வெளியே வீசும். அந்தச் சுக்கல் காற்றில் சட்டென்று ஆறிக் கண்ணாடியாகிவிடும். 2 மில்லிமீட்டருக்குக் குறைவான துகளைத்தான் எரிமலைச் சாம்பல் என்கிறோம். எதுவும் எரிந்து மிஞ்சியதல்ல அது. கண்ணாடிச் சில்லும் கனிமமும் பாறைத் தூளும்தான்.

அது 14 கிலோமீட்டர் ஏறுவதற்கு வெடிப்பின் வேகம் மட்டும் போதாது. அந்த வேகம் சீக்கிரமே தளர்ந்துவிடும். அதற்குள் கொதிக்கும் துகள்கள் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கிவிடுகின்றன. சூடான காற்று இலேசாகி, துகள்களையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். சுற்றுக் காற்றின் அடர்த்தியும் தன் அடர்த்தியும் சமமாகும் உயரத்தில் நின்று பக்கவாட்டில் விரியும். அப்புறம் எல்லாம் காற்றின் கையில். கனமான துகள் எரிமலைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். நுண்துகள்தான் நாடு விட்டு நாடு போகும்.

26 நவம்பர், புதன்

விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. சாம்பல் பரவிய வழியில் பறந்த சில விமானங்களை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். அதனால் நேற்றும் சில பயணங்கள் ரத்து. அலைச்சல்தான். ஆனால் 1982-இல் நடந்ததைப் படித்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. முன்கண்ணாடியில் நீல ஒளி மின்னியது. விமானத்துக்குள் கந்தக நெடி. ஒன்றன்பின் ஒன்றாக 4 எஞ்சின்களும் நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து அந்தப் பெரிய விமானம் மிதந்தபடி இறங்கியது. ஏறத்தாழ 12,000 அடிக்கு வந்தபோதுதான் எஞ்சின்கள் மறுபடி பிடித்தன. கேப்டன் எரிக் மூடி, தேய்ந்து மங்கிய கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார். 263 பேரும் பிழைத்தார்கள்.

எஞ்சின் ஏன் நின்றது? சாம்பலில் உள்ள கண்ணாடி சுமார் 1100 டிகிரி செல்சியஸில் உருகும். ஜெட் எஞ்சினின் எரியறை அதைவிடச் சூடு. உள்ளே உருகிய கண்ணாடி பின்னால் இருக்கும் டர்பைன் என்ற சுழல் சக்கரத்தில் படிந்து, காற்று போகும் வழியை அடைத்துவிட்டது. எஞ்சின் நின்று ஆறியதும் படிவு உடைந்து உதிர்ந்ததால்தான் மறுபடி இயங்கியது. 1989-இல் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் ஒரு கேஎல்எம் விமானத்துக்கும் இதே கதி, அதுவும் தப்பித்தது.

இதில் என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. விமானத்தின் வானிலை ரேடார் நீர்த்துளிக்காகச் செய்யப்பட்டது; நுண்சாம்பல் அதில் தெரியாது. இரவில் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் உலகத்தை 9 சாம்பல் எச்சரிக்கை மையங்கள் பங்கிட்டுக் கவனிக்கின்றன. இந்த முறை எச்சரிக்கை பிரான்ஸின் துலூஸ் மையத்திலிருந்து வந்தது. அத்தானிடம் இதைச் சொன்னேன். "அப்போ நிறுத்தினது நல்லதுதான்" என்றார்.

29 நவம்பர், சனி

டெல்லியில் இந்தப் பேச்சே அடங்கிவிட்டது. நான் அஃப்டேரா பற்றிய செய்திகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எரிமலைக்குப் பக்கத்து ஊர் அது. ஏரியில் உப்பு எடுக்கும் ஊர். சுற்றியிருக்கும் அஃபார் மக்களுக்கு ஒட்டகமும் ஆடும்தான் சொத்து. உயிர்ச்சேதம் இல்லை என்று அந்தப் பகுதி அதிகாரி சொன்னார். ஆனால் பல கிராமங்களைச் சாம்பல் மூடியிருக்கிறது, கால்நடைக்குத் தின்ன எதுவும் சரியாக இல்லை என்றும் சொன்னார்.

சாம்பல் இங்கே தலைக்கு மேலே போய்விட்டது, அங்கே புல்லின் மேல் படுத்திருக்கிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் பல் தேயும், வயிறு கெடும். சில எரிமலைகளின் சாம்பலில் ஃபுளோரைடு ஒட்டி வந்து மேய்ச்சலையே நஞ்சாக்கும். 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி வெடிப்பில் ஆடுகளில் பெரும்பங்கு அப்படித்தான் செத்தன. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். ஹேலி குப்பி அவ்வளவு பெரிய வெடிப்பு அல்ல. ஆனாலும் சாம்பல் விழுந்த குட்டைத் தண்ணீரைச் சோதிக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. வீட்டுக் கூரையில் படிந்ததை மழைக்கு முன்பே வழித்துவிட வேண்டும். நனைந்த சாம்பல் அவ்வளவு கனம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ வெடித்த அன்றே புயல் மழையும் சேர்ந்ததால், கூரை இடிந்து விழுந்தே நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

ரத்தான விமானங்களின் பட்டியல் எல்லாச் சேனலிலும் ஓடியது. அஃப்டேராவுக்கு எத்தனை மூட்டைத் தீவனம் போனது என்று ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. அஃபாரின் பெரிய மழைக்காலம் ஜூலையில்தான் தொடங்கும். அதுவரை அந்தக் கால்நடைகளுக்குத் தீவனமும் நல்ல தண்ணீரும் வெளியிலிருந்துதான் போக வேண்டும்.