மேட்டூர் நீர்மட்டமும் மின்சாரமும்

மேட்டூர்க்காரர்களுக்குக் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் போவது அணையின் நீர்மட்டத்துக்குத்தான். நான் அதில் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்ப்பேன்.

கணக்கு எளிது. நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் (சுமார் 35 கன அடி) ஒரு மீட்டர் உயரம் இறங்கினால் 9.8 கிலோவாட். டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் இழப்பது போக எட்டு, எட்டரை நிற்கும். உயரம் இரு மடங்கானால் மின்சாரமும் இரு மடங்கு. அதனால்தான் முழு மட்டமான 120 அடியிலிருந்து நீர்மட்டம் இறங்க இறங்க, அதே அளவு தண்ணீர் திறந்தாலும் உற்பத்தி குறைகிறது.

நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைக்காரா நிலையம் வேறு ரகம். அந்த நிலையம் இருக்கும் சிங்காராவில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் குழாய்களில் இறங்கி, பெல்டன் சக்கரம் என்ற டர்பைனின் கிண்ணங்களில் மோதுகிறது. நொடிக்கு ஒரு கன மீட்டரில் ஏழு மெகாவாட்டுக்கு மேல்! மேட்டூரில் அதே தண்ணீர் அரை மெகாவாட்கூடத் தராது. இங்கே காவிரியின் அளவுதான் பலம்.

ஆனால் எங்கள் அணை பாசனத்துக்கானது. டெல்டாவுக்குத் திறந்தால்தான் டர்பைன் நன்றாகச் சுற்றும். அதுதான் நியாயம் என்பேன். மின்சாரம் வேறு வழியிலும் வரும், குறுவைக்கு வேறு வழி குறைவு.

சரி, வெள்ளம் வந்தால் உற்பத்தி கொட்டுமா? ஓரளவுக்குத்தான். டர்பைன்கள் ஏற்கும் அளவைத் தாண்டிய தண்ணீர் 16 கண் மதகு வழியாக ஒரு யூனிட்கூடத் தராமல் போய்விடும்.