தைப்பூசத்துக்கு ஒரு பக்கம் போதாது: எங்கள் சங்கத் தளத்தைப் பிரித்து அடுக்கிய அனுபவம்

பினாங்கில் ஒரு சங்கத்தின் இணையத்தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். கோயில் விழாக்கள், கலைநிகழ்ச்சிகள், தமிழ்ப்பள்ளி நிகழ்வுகள், சங்க அறிவிப்புகள் எல்லாம் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியில் அதில் வரும். 2023இல் நிர்வாகக் குழு புது வடிவமைப்பு வேண்டும் என்று கேட்டது. வண்ணம், எழுத்துரு பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் தகவலை முதலில் ஒழுங்குபடுத்தலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்த வேலை எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோயில், சங்கம், பள்ளித் தளங்களைத் தன்னார்வமாகப் பார்த்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும்.

பழைய தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் ஓடியது. அதை அமைத்துக் கொடுத்தவர்கள் பக்கங்களை இழுத்துப் போட்டுக் கட்டும் ஒரு செருகுநிரலில் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருளில்) எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். சோதனைப் பிரதி ஒன்றில் அந்தச் செருகுநிரலை நிறுத்திப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளும் குறியீடுகளும் வந்து நின்றன. நடுவில் எங்கோ நிகழ்ச்சியின் பெயர். தேதியைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது சுவரொட்டிப் படத்துக்குள் இருந்தது. படத்துக்குள் இருக்கும் தேதியைப் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படிக்காது, தளத்தின் தேடலும் கண்டுபிடிக்காது. தோற்றமும் தகவலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், தோற்றத்தை மாற்றும்போதெல்லாம் தகவலையும் கிழிக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஓர் விரிதாளில் இருக்கிற பக்கங்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். அதைவிடப் பயன்பட்டது செயலாளர் அக்காவோடு உட்கார்ந்து பேசியது. சங்கத்துக்கு வரும் அழைப்புகளை எடுப்பவர் அவர்தான். மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டேன். “ரதம் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ரோட்டுல வரும், காடி எங்க நிறுத்தறது, சாப்பாடு உண்டா. வேற என்ன தம்பி கேப்பாங்க?” என்றார். அந்த நான்கு கேள்விகளில் எதற்கும் பழைய தளத்தில் தனி இடம் இல்லை. எல்லாம் ‘விவரம்’ என்ற ஒரே பெரிய பெட்டிக்குள் பத்தி பத்தியாகக் கொட்டப்பட்டிருந்தது.

எனவே வகைகளைப் பிரிக்க ஆரம்பித்தோம். நிகழ்ச்சி, இடம், அமைப்பு, அறிவிப்பு என்று நான்கில் தொடங்கினோம். இடத்தின் முகவரி ஒரே பதிவில் இருக்கும். நிகழ்ச்சி அதைச் சுட்டும். மண்டபத்தின் வாசல் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். இதுவரை சுலபம். தைப்பூசத்தில் வந்து நின்றோம்.

பழைய தளத்தில் தைப்பூசத்துக்கு ஒரே பக்கம். ஆண்டுதோறும் அதையே அழித்து எழுதுவார்கள். அதனால் போன ஆண்டு விவரம் போய்விடும், வரலாறும் விளக்கமும் தேதியோடு கலந்துகிடக்கும். ‘ஆண்டுக்கொரு முறை, இதே தேதி’ என்று நாட்காட்டி மென்பொருளில் போடுகிற விதியும் இங்கே உதவாது. தை மாதப் பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. ஆகவே ‘விழா’ என்பதை ஒரு வகையாகவும், ‘இந்த ஆண்டின் நிகழ்வு’ என்பதை வேறு வகையாகவும் பிரித்தேன். விழாவின் பொருள், வழக்கம், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் பற்றிய குறிப்பு முதலியவை விழாவில் இருக்கும், அடிக்கடி மாறாது. தேதி, நேரம், போக்குவரத்து மாற்றம் போன்றவை அந்தந்த ஆண்டின் நிகழ்வில் இருக்கும். தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, பொங்கல் எல்லாமே இந்த ஏற்பாட்டில் அப்படியே பொருந்தின.

அதற்குள்ளும் ஒரு முடிச்சு இருந்தது. பினாங்கில் தைப்பூசத்துக்கு இரண்டு ரதங்கள். நகரத்தார் வெள்ளி ரதம் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து பூசத்துக்கு முதல் நாள் புறப்பட்டு, பூசத்துக்கு மறுநாள் திரும்பும். 2017 முதல் குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க ரதமும் போகிறது. அதைப் பினாங்கு இந்து அறப்பணி வாரியம் நடத்துகிறது. ‘ஏற்பாட்டாளர்’ என்ற ஃபீல்டை, அதாவது அந்தத் தகவலை நிரப்பும் பெட்டியை, விழாவின் மேல் வைத்தால் யார் பெயரை எழுதுவது? எந்தப் பெயரை எழுதினாலும் பாதிப் பேருக்கு அது தவறு. ஏற்பாட்டாளரைக் கீழே இறக்கி, ஒவ்வொரு ஊர்வலத்தையும் உட்நிகழ்வாக்கி அதோடு சேர்த்தோம். ஒரு விழா, அந்த ஆண்டின் நிகழ்வு, அதன்கீழ் வெள்ளி ரதப் புறப்பாடு, தங்க ரதப் புறப்பாடு, வெள்ளி ரதம் திரும்புதல் என்று தனித்தனிப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் நாள், இடம், பொறுப்பாளர். ஒரு ஃபீல்டு எந்த அடுக்கில் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்ய எனக்கு ஒரு கேள்வி உதவியது: இது மாறினால் கூடவே வேறு எது மாறும்? சேர்ந்து மாறுபவை ஓரிடத்தில், தனியாக மாறுபவை தனியிடத்தில்.

இணையப் பக்கத்தில் உள்ள தகவலைத் தேடுபொறிகள் புரிந்துகொள்வதற்காகக் கூகுள், பிங், யாஹூ சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியிலும் நிகழ்ச்சிக்கு இதே அமைப்பு இருக்கிறது: மேல்நிகழ்வு, உட்நிகழ்வு, ஏற்பாட்டாளர், தொடக்க நேரம், நிலை. ஏற்கெனவே பலர் யோசித்து வைத்ததை ஒட்டியே பெயர் வைத்தால் பிற்பாடு தேடுபொறிக்குத் தகவல் கொடுக்கும்போது மொழிமாற்ற வேலை குறைவு. பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் ஊருக்குத் தேவையில்லாததை அப்படியே சுமக்க வேண்டாம்.

‘நிலை’ என்ற அந்தச் சின்ன ஃபீல்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பழைய தளத்தில் தலைப்பிலேயே நட்சத்திரக் குறி போட்டு ‘ரத்து’ என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். அவசரத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்தத் தலைப்புகள் அப்படியே தேடலிலும் பழைய பட்டியலிலும் தங்கிவிட்டன. இப்போது நடைபெறும், தள்ளிவைக்கப்பட்டது, தேதி மாறியது, இணையவழி, ரத்து என ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். தலைப்பு தலைப்பாகவே இருக்கும். அதே 2020 மார்ச்சில்தான் ‘இணையவழிக்கு மாற்றப்பட்டது’ என்ற நிலையை ஸ்கீமா டாட் ஆர்க்கும் சேர்த்தது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தத் தேவை வந்திருக்கிறது.

மொழி விஷயத்தில் நிறைய நேரம் போனது. பழைய தளத்தில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பக்கம். தமிழில் தேதி மாறும், மலாயில் மாறாது. யாராவது தவறான நாளில் வந்து நிற்பார்கள். தேதி, நேரம், இடம், நிலை இவற்றுக்கு மொழி கிடையாது என்று ஒதுக்கி, தலைப்பும் விளக்கமும் மட்டும் மொழிக்கொன்று என வைத்தோம். மலாய் விளக்கம் இன்னும் வரவில்லை என்றாலும் தேதி சரியாகத் தெரியும். நேரத்தில் மட்டும் ஒரு துணைக் குறிப்பு தேவைப்பட்டது. ரதம் எந்த முனைக்கு எப்போது வரும் என்பதை யாரும் நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. அதனால் கணினி வரிசைப்படுத்த ஒரு நேரம், மக்கள் படிக்க ‘காலை 6 மணி அளவில்’ என்ற குறிப்பு, இரண்டும் வைத்தோம்.

தகவலை நிரப்பும் படிவத்தை வடிவமைத்ததை நான் தொழில்நுட்ப வேலையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். செயலாளர் அக்கா கைப்பேசியில் நிரப்புபவர். ஃபீல்டு பெயர்கள் தமிழில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி உதவிக் குறிப்பு, கட்டாயமானவை மேலே. விளக்கப் பெட்டியில் தடித்த எழுத்து, இணைப்பு, பட்டியல், துணைத்தலைப்பு மட்டும். நிறமும் எழுத்தளவும் எடுக்கப்பட்டன. சிலர் முகம் சுளித்தார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே நிறத்தை அனுமதித்தால் அடுத்த வடிவமைப்பின்போது மறுபடியும் பக்கம் பக்கமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அதே சமயம், கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீல்டு போடவும் மறுத்தேன். நிரப்பப்படாத ஃபீல்டுகள் நிறைந்த படிவத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

பழையவற்றை மாற்றுவதில் அலுப்பான வேலைதான் அதிகம். சுவரொட்டித் தேதிகளைக் கையால் தட்டச்சு செய்தோம். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் ஒட்டப்பட்ட சில கட்டுரைகளை மாற்றியில் போட்டு, ஒவ்வொரு வரியாக மெய்ப்புப் பார்த்தோம். பழைய முகவரிகளைத் தொட்டு வந்தவர்கள் புதிய பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்றியும் வைத்தேன். புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிரப்பட்ட இணைப்புகள் செத்துப்போகக் கூடாது.

பிறகுதான் வடிவமைப்புக்கு வந்தோம். அது விரைவாக முடிந்தது. அதே தகவலிலிருந்து மண்டபத் தொலைக்காட்சியில் இந்த வார நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. கைப்பேசி நாட்காட்டியில் சேர்க்கும் கோப்பும் புலனத்தில் அனுப்பும் சிறு செய்தியும் தானாக உருவாகின்றன. இவை எதையும் தொடக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லாப் பதிவுகளையும் எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய ஜேசன் (JSON) வடிவக் கோப்பாக வாராவாரம் வெளியே எடுத்து வைக்கிறேன். நாளை வேர்ட்பிரஸை விட்டு வேறொன்றுக்குப் போக நேர்ந்தாலும் தகவல் எங்கள் கையில் இருக்கும்.

இப்போது தண்ணீர்ப் பந்தல்களைத் தனி வகையாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது. பந்தல் போடுகிறவர்கள் ஆண்டுக்காண்டு மாறுவார்கள், இடம் பெரும்பாலும் மாறாது. ஆகவே அது இடத்தையும் அந்த ஆண்டின் ஊர்வலத்தையும் சுட்டும். ரதம் போகும் பாதையை இடங்களின் வரிசையாகச் சேமித்தால் எந்தப் பந்தல் எந்த நிறுத்தத்துக்கு அருகே என்பதைத் தளமே சொல்லிவிடும். பாதையைப் படமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். வரிசையாகத்தான் வைக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறேன்.