குளக்கட்டுக்குக் கீழே

நவம்பர் 2

வீட்டுக்காரர் இரவு லண்டனிலிருந்து எடுத்தார். வீட்டை விற்கப்போகிறாராம். "முதல் உங்களிட்டத்தான் கேக்கிறன் பிள்ளை, யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நல்ல மனுசன், வாடகை பிந்தினாலும் ஒருநாள் முகம் கோணிப் பேசினதில்லை. போனை வைத்த பிறகு நித்திரை வரவில்லை. மெயில் ரெயில் போகிற சத்தம் கேட்கும்வரை முழித்துக்கொண்டு கிடந்தேன்.

நவம்பர் 3

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 5

அண்ணா பரிசிலிருந்து பேசினார். வடமராட்சியில் காணி சும்மாதானே கிடக்கிறது, அங்கே போய் வீட்டைக் கட்டுங்கோ, காசு நான் போடுறன் என்கிறார். "வவுனியாவில என்ன கிடக்கு? வெயிலும் கல்சியத் தண்ணியும்தானே" என்று வேறு கேட்டார்.

அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை, இப்போது வருகிறது. வைரவபுளியங்குளத்தில் ரெயில் நிலையம் நடை தூரம். கொழும்புக்குப் போகிறவர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போகிறார்கள். ஆதி விநாயகர் கோவில் மணி குசினிக்குள் கேட்கும். பின்னேரம் ரியூசன் விட்டால் ஒழுங்கை முழுக்கச் சைக்கிள், வேலையால் வரும்போது நானும் இறங்கி உருட்டிக்கொண்டுதான் வரவேண்டும், ஆனால் அதில் எனக்கு எரிச்சல் வந்ததே இல்லை. நெடுங்கேணி, செட்டிகுளம் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளைகள். இன்று கடைவாசலில் ஒரு பெட்டை பாதி கடித்த ரோல்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கை விரலால் சிநேகிதிக்கு ஏதோ இரசாயனச் சமன்பாட்டைக் காற்றில் எழுதிக் காட்டினாள். அவள் தலையாட்ட, இவள் "இல்லை, இல்லை" என்று காற்றையே அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். இப்படி ஒரு ஒழுங்கையை விட்டு ஏன் போகவேண்டும்?

அதைவிடப் பெரிய விசயம் அப்பா. ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் குளக்கட்டில் நடக்கிறார், வரும்போது பேப்பரும் பாணும் வாங்குகிறார், மருந்து முடிந்தால் பாமசிக்கும் அவரே போகிறார். கிளினிக் நாளில் சந்தியில் ஓட்டோ பிடித்துத் தனியப் போய் வருகிறார். ஒருவரையும் எதிர்பார்ப்பதில்லை. வடமராட்சிக் காணியிலிருந்து சந்திக்கே இரண்டு கிலோமீற்றர். அங்கே போனால் ஒரு பனடோல் வாங்கவும் யாராவது ஏற்றிப்போகும்வரை வாசலில் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அண்ணாவுக்கு இது விளங்காது. அவர் நினைப்பில் அப்பா இன்னும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற அப்பா.

நவம்பர் 8

மழை. கேத்திலின் அடியில் கல்சியம் திரும்பவும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தேசிக்காய் போட்டுக் கொதிக்க வைத்தேன். அண்ணா சொன்னதில் இது ஒன்று உண்மைதான்.

நவம்பர் 9

அப்பாவுக்குச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "எவ்வளவு கேக்கிறான்?" என்று மட்டும் கேட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்காமலே கதைக்கத் தொடங்கினார். 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, இங்கே முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்த காலம். தங்குவதற்குப் பாஸ் வேண்டும், பாஸ் முடியப்போகிறதென்றால் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது, விடியக்காலை வரிசை. சொந்த நாட்டில் ஒரு ஊரில் இருக்கத் துண்டு வாங்கினோம் பிள்ளை என்றார். அப்போது ரெயிலும் இங்கேயே வந்து நின்றுவிடும், 1990 இலிருந்து அப்படித்தான். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் போன அன்று வேட்டி கட்டிக்கொண்டு நிலையத்தில் போய் நின்றவர் அவர். ஏறவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஏன் ஏறவில்லை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை, இன்று கேட்டேன். "வீடு இஞ்சதானே" என்றார்.

நவம்பர் 12

பம்பைமடுப் பக்கம் ஒரு காணி பார்த்தோம். 2021 இல் பல்கலைக்கழகம் ஆக்கினதைத் தரகர் திருப்பித் திருப்பிச் சொன்னார். காற்றோட்டமான இடம், குறை சொல்ல முடியாது. ஆனால் பெமிற் காணி, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற ஏலாது. "அதெல்லாம் எழுதி எடுக்கலாம் தங்கச்சி" என்கிறார். எழுதி எடுத்தவர்கள் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து அழுவதை என் மேசைக்கு முன்னால் பார்த்துக்கொண்டுதான் சம்பளம் எடுக்கிறேன். வேண்டாம்.

நவம்பர் 13

அப்பா நடக்கப் போகவில்லை. மழை என்றார். மழை இல்லை.

நவம்பர் 16

கணக்குப் போட்டுப் போட்டுத் தலை இடிக்கிறது. வங்கிக் கடன், என் நகை, அப்பாவின் பென்சன், அண்ணா வடமராட்சிக்கென்று சொன்ன காசு. அந்தக் காசை இப்போது இருக்கிற இந்த வீட்டை வாங்கத் தருவாரா? கேட்கவேண்டும், கேட்கத்தான் வேண்டும். இது பெமிற் இல்லை, சொந்தமாக எழுதின உறுதிக் காணி என்றபடியால் வங்கி பார்க்கும். வீடு பழசு, பின்சுவரில் ஈரம், கட்டுக்குக் கீழே இருக்கிறதால் கார்த்திகையில் வளவுக்குள் தண்ணீர் நிற்கும். இந்தக் குறைகளையும் சேர்த்துத்தான் எனக்கு இந்த வீடு வேண்டும். 2023 இல் பாதை திருத்துகிறோம் என்று மாதக்கணக்கில் ரெயிலை நிறுத்தினார்களே, அப்போது அப்பா இரவு மருந்துக்கு மணிக்கூட்டைப் பார்க்கப் பழகவேண்டியிருந்தது. அதுவரை ரெயில் சத்தம்தான் அவருக்கு மணி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நவம்பர் 17

அண்ணா யோசிக்கிறாராம்.

நவம்பர் 19

குளம் நிரம்பிவிட்டது. ஆற்றுவாழை எல்லாம் ஒரு கரைக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. அப்பா குடையோடு கட்டுக்குப் போனார், கூட்டாளிமார் மூன்று பேரும் வந்திருந்தார்களாம், வீட்டு விசயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் வக்கீல் நம்பர் கொடுத்திருக்கிறார், ஒருவர் தன்னிடம் கொஞ்சக் காசு இருக்கிறது, வட்டி வேண்டாம் என்றாராம். வாங்கமாட்டோம். ஆனால் சொன்னாரே.

நவம்பர் 22

அண்ணா ஓம் என்றுவிட்டார்! அரைவாசி தருவார். அண்ணிதான் கதைத்திருக்கிறா போல.

நவம்பர் 24

வக்கீல் உறுதியைப் பார்த்தார். வீட்டுக்காரரின் தங்கச்சி பெயரும் அதில் இருக்கிறது, அவ கனடாவில். அவவின் கையெழுத்தோ, அவவுக்காக வேறொருவர் கையெழுத்து வைக்க எழுதிக் கொடுக்கிற அற்றோணித் தத்துவமோ இல்லாமல் ஒன்றும் நகராது. அண்ணனும் தங்கச்சியும் கதைக்கிறதில்லையாம், இதை வீட்டுக்காரர் முதலே சொல்லியிருக்கலாம். அவவின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அன்ரிக்குத் தெரிந்திருக்கும், விடியக் கேட்கவேண்டும்.